வான்கோழியும் ஜஹாங்கீரின் கணக்கேடும்

முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரைப் பள்ளிப் பாடநூல்கள் நீதிச் சங்கிலி, நூர்ஜஹான், மதுக்கிண்ணம் ஆகிய மூன்றோடு சேர்த்தே அறிமுகம் செய்கின்றன. இவை எதுவும் பொய்யல்ல. ஆனால், அவர் பாரசீக மொழியில் தாமே எழுதிய ஜஹாங்கீர்நாமா என்னும் நினைவுக்குறிப்பைப் படிப்பவர் வேறொரு மனிதரைக் காண்பார். விலங்குகளையும் பறவைகளையும் விட்டுக் கண்ணெடுக்காத மனிதர் அவர். அவற்றைக் கொல்வதிலும் சளைக்காதவர்.

1569-ஆம் ஆண்டு பிறந்த அவருக்கு, அக்பர் பிள்ளை வரம் வேண்டி நாடிய சூஃபிப் பெரியார் ஷேக் சலீம் சிஷ்தியின் நினைவாகச் சலீம் என்று பெயரிட்டனர். 1605-இல் அரியணை ஏறினார். தந்தைக்கு எதிராகக் கிளர்ந்ததும், அறிஞர் அபுல் ஃபஸலைக் கொல்வித்ததும், கலகம் செய்த மகன் குஸ்ரோவை ஒடுக்கியதும் பலரும் அறிந்தவை. அவற்றைக் கடந்து 1612-ஆம் ஆண்டுக்கு வருகிறேன்.

அவ்வாண்டு முகர்ரப் கான் என்னும் அதிகாரி கோவாவிலிருந்து அரசவைக்குத் திரும்பினார். போர்த்துக்கீசியர் துறைமுகத்தில் கிடைக்கும் அரிய பொருள்களை விலை பாராமல் வாங்கி வரும்படி அரசர் அவரை அனுப்பியிருந்தார். வந்தவற்றுள் அவையில் எவரும் பெயர் அறியாத ஒரு பறவையும் இருந்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்த வான்கோழிதான் அது.

ஜஹாங்கீர் அதை எப்படிப் பார்த்தார் என்பதே வியப்பு. பெண்மயிலைவிடப் பெரியது, ஆண்மயிலைவிடச் சிறியது என்று முதலில் அளவு சொல்கிறார். தலையும் கழுத்தும் பவளம்போல் சிவந்து, பிறகு பஞ்சுபோல் வெளுத்து, பச்சோந்தியைப்போல் நிறம் மாறுவதைக் குறிக்கிறார். நெற்றியில் தொங்கும் சதை கிளர்ச்சியின்போது ஒரு சாண் நீளம் யானைத் துதிக்கைபோல் நீள்வதும், அடங்கியபின் காண்டாமிருகக் கொம்புபோல் இரண்டு விரற்கடையாய்ச் சுருங்கி நிற்பதும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. தோகை விரித்து மயிலைப்போல் ஆடுகிறது என்றும் எழுதுகிறார்.

இந்த இடத்தில் எந்தத் தமிழ் வாசகருக்கும் மூதுரை நினைவுக்கு வரும். கல்லாதவன் கவி சொல்வதற்கு உவமையாக, மயிலைப் பார்த்துச் சிறகு விரிக்கும் வான்கோழியை ஔவை நிறுத்தியிருக்கிறார். (அப்பாடல் போர்த்துக்கீசியர் வருகைக்கு முந்தையது என்றால், அந்த வான்கோழி இன்றைய வான்கோழியாக இருக்க முடியாது என்பது வேறு செய்தி.) நாம் தலைமுறை தலைமுறையாக அந்தப் பறவையை ஏளனத்தோடு மனப்பாடம் செய்துவிட்டோம். மூதுரையை அறியாத ஜஹாங்கீர் அதே ஆட்டத்தைக் கண்டார். ஏளனம் செய்யாமல் சாண் கணக்கில் அளந்தார்.

எழுதியதோடும் அவர் நிற்கவில்லை. பூட்டனார் பாபர் தம் நூலில் விலங்குகளை வருணித்தாரே தவிர, அவற்றை வரையும்படி ஓவியர்க்கு ஆணையிடவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டு, இப்பறவையை வரையச் செய்தார். உஸ்தாத் மன்சூர் தீட்டிய அந்த வான்கோழி இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மன்சூர் தீட்டியதாகக் கருதப்படும் டோடோ பறவையின் ஓவியம் ஒன்று சென்பீட்டர்ஸ்பர்க்கில் உள்ளது. டோடோ இனமே அந்த நூற்றாண்டில் அழிந்தது. அதன் நிறத்தை அறிய விரும்புவோர் இன்றும் அந்த ஓவியத்தைத்தான் தேடிப் போகிறார்கள்.

நான் காயல்பட்டினத்தைச் சேர்ந்தவன். ஆகவே, இதைப் படிக்கையில் ஒரு பொறாமை எழுவதை மறைப்பதற்கில்லை. கடல்வழி வந்த விலங்கு எங்கள் கரைக்குப் புதிதன்று. பாண்டியர் காலத்தில் காயல் துறையில் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்திறங்கின. 1530-களிலிருந்து முத்துக்குளித்துறைக் கரையில் போர்த்துக்கீசியர் நடமாடினர். ஆனால், அந்தக் குதிரைகளைப் பற்றி நமக்குச் சொல்பவர்கள் வெனிசின் மார்க்கோ போலோவும் பாரசீகத்தின் வஸ்ஸாஃபும்தான். வணிகர்களான எங்கள் முன்னோர் விலை பேசியிருப்பார்கள். நெற்றிச் சதையை அளந்திருக்க மாட்டார்கள். பறவையின் பெயரில்கூட வணிகத்தின் தடம்தான். டச்சுக்காரர் அதைக் கோழிக்கோட்டுக் கோழி என்ற பொருளில் கல்கூன் என்றனர். சிங்களத்தில் அது களுக்கும் ஆயிற்று. ஆங்கிலேயர் துருக்கியின் பெயரை இட்டனர். துருக்கியரோ இந்தியாவின் பெயரை இட்டனர். மெக்சிகோவை எவரும் நினைக்கவில்லை. (1614-இல் ஜஹாங்கீர் அஜ்மீர் குவாஜாவின் அடிமை என்று காட்டக் காது குத்தி முத்து அணிந்தார், அவையோரும் அணிந்தனர். ஊர்ப்பாசத்தால் நான் அந்தப் பக்கத்தில் சற்றுக் கூடுதலாகவே நின்றேன்.)

இனி மறுபக்கம். பன்னிரண்டு வயதில் தொடங்கி, ஐம்பதை நெருங்கும்வரை நடந்த வேட்டைகளுக்கு அவர் கணக்கெடுக்கச் செய்தார். அவர் முன்னிலையில் வீழ்ந்தவை 28,532. அவர் தம் கையால் கொன்றவை 17,167. அவற்றுள் பறவைகள் 13,964. புறா மட்டும் 10,348, காக்கை 3,276. பேரரசின் எழுத்தர்கள் காக்கையையும் விடாமல் எண்ணியிருக்கிறார்கள்.

இந்த இரு பக்கங்களையும் பிரித்து, நல்ல ஜஹாங்கீர், கெட்ட ஜஹாங்கீர் என்று எழுதுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வான்கோழியின் நிறமாற்றத்தைக் குறித்த பழக்கமும் செத்த காக்கையை எண்ணிய பழக்கமும் ஒன்றே. லைலா, மஜ்னு என்று பெயரிட்டு அவர் வளர்த்த சாரசக் கொக்கு இணை முட்டையிட்டபோது, ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாப்பதை நாள்தோறும் கவனித்து எழுதினார். வளர்ப்பு மான் மன்ஸ்ராஜ் இறந்தபோது அதன் நினைவாக எழுந்ததே இன்றைய பாகிஸ்தானின் ஷேகுபுராவில் நிற்கும் ஹிரண் மினார். அதே கைதான், நீலான் ஒன்றைக் குறிபார்த்திருந்த நேரத்தில் குறுக்கே வந்து அதைக் கலைத்துவிட்ட குதிரைக்காரன் ஒருவனை அங்கேயே கொல்லச் சொன்னது. உடனிருந்த பல்லக்குத் தூக்கிகளின் குதிகால் நரம்பை அறுக்கச் சொன்னது. இதையும் மறைக்காமல் அவரே எழுதியிருக்கிறார். அறிவு ஆர்வம் ஒருவரை இரக்கமுள்ளவராக்கும் என்ற நம் நம்பிக்கைக்கு அவர் வாழ்க்கை இடம் தரவில்லை.

பறவையியலாளர் சாலிம் அலி இதை நன்கு உணர்ந்திருந்தார் என்று நினைக்கிறேன். முகலாய மன்னர்களை இயற்கை ஆய்வாளர்களாகவும் வேட்டைக்காரர்களாகவும் ஒருசேர வைத்து அவர் 1920-களில் கட்டுரைத் தொடர் எழுதினார். சிறுவனாய் விளையாட்டுத் துப்பாக்கியால் வீழ்த்திய ஒரு சிட்டுக்குருவியின் மஞ்சள் தொண்டைதான் அவரையே பறவைகளிடம் அழைத்துவந்தது. வான்கோழியின் தாயகத்திலும் கதை இப்படித்தான். காட்டு வான்கோழியை வேட்டையாடி ஏறக்குறையத் துடைத்துவிட்ட அமெரிக்காவில், 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதித்த வரிப்பணம் அதை மீட்கப் பயன்பட்டது. இன்றும் வேட்டைக்காரர்கள் பெட்டையின் குரலை எழுப்பிச் சேவலை அழைத்துச் சுடுகிறார்கள், இனமும் வாழ்கிறது. நம் கானமயிலுக்கோ சுமார் நூற்றைம்பதுதான் எஞ்சியிருப்பதாக மதிப்பீடு.

ஐம்பது வயதுக்குப்பின் எந்த உயிரையும் தம் கையால் வருத்துவதில்லை என்று ஜஹாங்கீர் நேர்ந்துகொண்டார். மகன் குர்ரமின் பிள்ளை ஷுஜா நோயுற்றபோது, அக்குழந்தை பிழைக்க வேண்டும் என்று அந்த நேர்ச்சையை உறுதி செய்தார். சில ஆண்டுகள் காத்தும் வந்தார். பின்னாளில் ஷாஜகான் ஆன குர்ரம் கலகம் செய்ததும், மகன்மீது கொண்ட கோபத்தில் மீண்டும் துப்பாக்கியை எடுத்தார். மதுவும் அபினியும் உடலைத் தின்றுவிட்டிருந்த காலம் அது.

1627-இல் காஷ்மீரிலிருந்து திரும்பும் வழியில் பைரம்கலா என்னுமிடத்தில் அவருக்காக மலையிலிருந்து மான்களை விரட்டினார்கள். அவர் சுட்ட மானைத் தொடர்ந்து ஓடிய காலாட்படை வீரன் ஒருவன் பாறையிலிருந்து தவறி விழுந்து இறந்தான். ஜஹாங்கீர் நிலைகுலைந்தார். அவனுடைய தாயை அழைத்துப் பொருள் கொடுத்தார்; மனம் அமைதியடையவில்லை. அந்த அக்டோபர் மாதத்திலேயே, லாகூர் போய்ச் சேருமுன் வழியில் உயிர்நீத்தார். பல்லாயிரம் சாவுகளை எண்ணிவைத்தவரை நிலைகுலையச் செய்த அந்த வீரனின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.