யார் இந்த ஆபிரகாம் பண்டிதர்? சிந்தசைசர் காலத்திலும் பேசப்படும் 24 சுருதிக் கணக்கு

தூத்துக்குடியில் இருந்து வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்டது 1906-ல். அதே பழைய திருநெல்வேலி மாவட்டத்துக்காரர் ஒருத்தர், அப்போது தஞ்சாவூரில் மருந்து விற்ற காசையெல்லாம் இசை ஆராய்ச்சியில் போட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் ஆபிரகாம் பண்டிதர்.

1859-ல் தென்காசி அருகே சாம்பவர் வடகரையில் பிறந்தவர். ஆசிரியர் வேலை பார்த்தார், பிறகு சித்த மருத்துவத்துக்கு வந்தார். அவருடைய கோரோசனை மாத்திரை ரொம்பவே பிரபலம். 1912-ல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, அடுத்தடுத்து ஆறு இசை மாநாடுகளைச் சொந்தச் செலவில் நடத்தினார்.

எதுக்கு இவ்வளவு செலவு? ஒரு எண்ணுக்காக!

ஒரு ஸ்தாயியில் 22 சுருதி என்பது சாரங்கதேவர் வழி வந்த கணக்கு. பண்டிதர் அதை ஏற்கவில்லை. ச-வில் தொடங்கி ப, அந்த ப-வுக்கு ஒரு ப என்று போய்க்கொண்டே இருந்தால், 12-வது படியில் மீண்டும் ச-வுக்கே வந்து வட்டம் மூட வேண்டும் என்றார். 22-ல் அது மூடாது. ஸ்தாயியைச் சமமாக 12 ஆகப் பிரித்தால் ஆயப்பாலை, 24 ஆனால் வட்டப்பாலை. அதற்கும் நுட்பமாக 48, 96 வரை போனார். ஆதாரம் சிலப்பதிகாரம் என்றார்.

1916 பரோடா மாநாட்டில் மகள் உள்ளிட்ட வீட்டுப் பெண்கள் வீணையில் வாசித்துக் காட்டினர். 1917-ல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய 'கருணாமிர்த சாகரம்' வெளியானது. 1919-ல் காலமானார்.

மாடுலர் சிந்தசைசர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு சுலபமாகப் புரியும். அதில் ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட் என்பதுதான் பரவலான வழக்கம். பியானோ போல 12 ஆகப் பிரித்தால் ஒரு படிக்குச் சுமார் 83 மில்லிவோல்ட், பண்டிதரின் 24-க்குச் சுமார் 42. அனலாக் சீக்வென்சரின் ஒவ்வொரு திருகும் ஒரு மின்னழுத்தம், அவ்வளவுதான். வீணையில் அவர் மெட்டுக்களை வைத்துச் செய்ததை இங்கே திருகிச் செய்யலாம்.

ஒரு சிக்கலும் உண்டு. சமப் பிரிவில் ப இயல்பான இடத்தில் இருந்து 2 சென்ட்தான் விலகும். அந்தர காந்தாரமோ சுமார் 14 சென்ட் (100 சென்ட் ஓர் அரைச்சுரம்) கூடிவிடும். தம்பூராவோடு பாடிப் பழகிய காது அதைச் சட்டென்று பிடித்துவிடும். கமகத்தைச் சமமான எந்தக் கட்டத்துக்குள்ளும் அடைப்பது கஷ்டம். 22-ஆ, 24-ஆ என்ற சண்டை இன்னும் ஓயாததற்கு இதுவும் ஒரு காரணம்.