எழுதாத ஏழு ஆண்டுகள்



உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கக்கூடும். இளமையில் பாட்டெழுதியவர், நாட்டுக்கூத்தில் ஆடியவர், அல்லது படம் வரைந்தவர். பின்பு தொழில், குடும்பம், பிள்ளைகளின் படிப்பு என்று பொறுப்புகள் வந்து சேர, அந்தக் கொப்பியைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டவர். இறைவன் தந்த தாலந்தைப் புதைத்துவிட்டேனோ என்ற ஏக்கம் இடைக்கிடை அவரை வருத்தும். அவரை மனதிற்கொண்டே இவ்வாரம் ஓர் ஆங்கிலேயக் குருவின் வாழ்வை உங்கள்முன் வைக்கின்றேன்.

ஜெராட் மன்லி ஹொப்கின்ஸ் 1844ஆம் ஆண்டு யூலை 28ஆம் திகதி லண்டனுக்கு அருகில் பிறந்தார். அங்கிலிக்கன் குடும்பம், ஒன்பது பிள்ளைகளுள் இவரே மூத்தவர். பள்ளி நாட்களிலேயே கவிதைக்குப் பரிசு பெற்றார். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் கற்கும்போது உண்மைத் திருச்சபை எதுவென்ற கேள்வி அவரை உலுக்கியது. 1866ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி, 2019இல் புனிதராக உயர்த்தப்பட்ட நியூமன் அவர்களின் கையால் கத்தோலிக்க திருச்சபையில் சேர்ந்தார். பெற்றோர் மிகவும் மனம் நொந்தனர். மகன் தன் முடிவில் உறுதியாக நின்றார்.

1868இல் இயேசு சபையிற் சேரத் தீர்மானித்த அவர், அதற்குமுன் தாம் எழுதிய கவிதைகளைத் தீயிலிட்டார். அப்படிச் செய்யும்படி எவரும் அவருக்குக் கட்டளையிடவில்லை. தம் அழைத்தலுக்குக் கவிதை இடையூறாகும் என்று தாமே அஞ்சினார். மேலதிகாரிகள் விரும்பினாலன்றி இனி எழுதுவதில்லை என்றும் முடிவு செய்தார். சிறப்பு நாட்களுக்கென எழுதிய சில சிறு பாக்களைத் தவிர, ஏழு ஆண்டுகள் அந்த முடிவிலேயே நின்றார்.

அந்த ஆண்டுகள் வீணாய்ப் போயினவா? சிந்தித்துப் பாருங்கள். பேனா ஓய்ந்தாலும் அவருடைய கண்கள் ஓயவில்லை. முகில்களின் அசைவு, நீரின் சுழிப்பு, மரக்கிளைகளின் அமைப்பு, காட்டுப்பூக்களின் நிறம் ஆகியவற்றைத் தம் நாட்குறிப்பில் நுணுக்கமாகக் குறித்துவந்தார். படைப்புகள் ஒவ்வொன்றுக்கும் தனக்கேயுரிய தனித்தன்மை உண்டென்று போதித்த டன்ஸ் ஸ்கோட்டஸின் மெய்யியலை 1872இல் கண்டு மகிழ்ந்தார். இறையியல் பயில வடவேல்ஸ் சென்றபோது வெல்ஷ் மொழியைக் கற்று, அதன் செய்யுளில் ஒலிகள் ஒன்றோடொன்று இசையும் முறையையும் அறிந்துகொண்டார். ஒரு போகம் விதைக்காமல் விட்ட வயல் அடுத்த போகத்துக்கு வளம் சேர்ப்பதை நம் கமக்காரர் அறிவர். ஹொப்கின்ஸ் அடிகளாரின் உள்ளமும் அவ்வாறே வளம் சேர்த்தது.

1875 டிசம்பரில் ஜேர்மனியிலிருந்து அமெரிக்கா நோக்கிச் சென்ற டொய்ச்லாந்து என்ற கப்பல், தேம்ஸ் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அப்பால் மணற்றிட்டில் மோதிச் சிதைந்தது. ஜேர்மனியின் திருச்சபை எதிர்ப்புச் சட்டங்களால் நாட்டைவிட்டுப் புறப்பட்ட பிரான்சிஸ்கன் கன்னியர் ஐவர் அதில் மாண்டனர். செய்தி படித்து உருகிய ஹொப்கின்ஸிடம், இதைப்பற்றி யாராவது கவிதை எழுதினால் நல்லது என்று அவருடைய அதிபர் சொன்னார். அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. 35 செய்யுள்கள் கொண்ட நெடுங்கவிதை பிறந்தது. ஆனால் சபையின் சஞ்சிகையே அதை வெளியிடவில்லை. அதன் நடை அவ்வளவு புதியது. 1877 செப்டெம்பரில் குருப்பட்டம் பெறுமுன், இறைவனின் மகிமையைப் படைப்பிற் கண்டு பாடும் அழகிய பாக்கள் பலவற்றை எழுதினார்.

பின்னர் வந்தது பங்குப்பணி. லண்டன், ஒக்ஸ்போட், பெட்போட் லீ, லிவர்பூல், கிளாஸ்கோ என்று மாற்றத்துக்குமேல் மாற்றம். லிவர்பூலில் ஆலைப்புகையும் வறுமையும் குடிப்பழக்கமும் மலிந்த தெருக்களில் நோயாளரைத் தேடிச் சென்றார். கவிதைக்கு நேரமும் இல்லை, மனமும் களைத்திருந்தது. ஆயினும் அங்கேதான், தாம் அருட்சாதனங்கள் கொடுத்துத் தேற்றிய ஒரு குதிரை லாடக் கொல்லனின் மரணத்தை நினைத்து 1880இல் ஒரு கவிதை எழுதினார். நோயாளியைத் தேற்றப்போன குரு, அவர்மீது அன்பு கொண்டு தாமும் தேற்றப்படுவதை அதில் காண்கின்றோம். கவிதைக்குத் தடையென்று தோன்றிய பணியே கவிதைக்கு ஊற்றாயிற்று.

1881 செப்டெம்பர் இறுதியில், கிளாஸ்கோவிலிருந்து சிறு விடுமுறையில் லோமண்ட் ஏரிக்குச் சென்றார். இன்வர்ஸ்நெயிட் என்னும் இடத்தில் சில மணி நேரமே தங்கினார். அங்கே பாறைகளில் விழுந்தோடும் ஓடையைப் பற்றிய கவிதை அந்தச் சிறு ஓய்வின் கனி. அடுத்து வந்த மாதங்களை, இறுதி வார்த்தைப்பாட்டுக்கு ஆயத்தமாகச் செபத்திலும் தியானத்திலும் கழித்தார். அப்போதும் கவிதையை ஒதுக்கி வைத்தார்.

1884இல் டப்ளினில் கிரேக்க மொழிப் பேராசிரியரானார். நூற்றுக்கணக்கான பரீட்சைத் தாள்களைத் திருத்தித் திருத்தி உடலும் உள்ளமும் சோர்ந்தார். தாம் எதையும் சாதிக்கவில்லை என்ற இருள் அவரைச் சூழ்ந்தது. அந்த இருளிலும் அவர் இறைவனோடு வழக்காடினார். இறைவனை விட்டு விலகவில்லை. அந்நாட்களின் கவிதைகள் இதற்குச் சாட்சி. 1889 யூன் 8ஆம் திகதி நெருப்புக் காய்ச்சலால் இறந்தபோது வயது 44. அவருடைய முக்கிய கவிதைகளை நண்பர் சிலரே படித்திருந்தனர். அவர்களுள் ஒருவரான றொபேட் பிரிட்ஜஸ் அவற்றைப் பேணி வைத்து, 1918இல் நூலாக்கினார். அச்சிட்ட 750 பிரதிகளும் விற்றுத் தீரப் பத்து ஆண்டளவு சென்றது. இன்றோ ஆங்கிலக் கவிதை பயில்வோர் அவரைத் தவிர்க்க முடியாது.

வாசகரே, அவர் கவிதைகளை எரித்ததைப் பின்பற்றுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அழைத்தலும் தாலந்தும் ஒரே கையிலிருந்து வந்தவை என்பதை அவரே பிறகு கண்டார். ஆனால் கடமைக்காக நீங்கள் ஒதுக்கி வைத்ததை இறைவன் மறந்துவிட்டார் என்று எண்ணாதீர்கள். எழுத முடியாத நாளிலும் கண்ணைத் திறந்து வைத்திருங்கள்.

குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். வேல்ஸில் அந்த அதிபர் சொன்னது ஒரு சொல்தான். உங்கள் வீட்டில் பெட்டி மூடிய அந்தத் தாய்க்கோ தந்தைக்கோ அப்படி ஒரு சொல்லைச் சொல்லுங்கள். ஞாயிறு பின்னேரத்தில் ஒரு மணி நேரம் வீட்டு வேலையை நீங்கள் பொறுப்பெடுத்து, அந்தக் கொப்பியை அவர் கையிற் கொடுங்கள்.