ஒரே நாளில் முடிந்த முதல் ரஞ்சி மேட்ச்: யார் இந்த ஏ.ஜி.ராம் சிங்?

1934 நவம்பர் 4, சேப்பாக்கம். ரஞ்சி கோப்பையின் முதல் மேட்ச். மெட்ராஸுக்கு எதிரே மைசூர். முதல் பந்தை வீசியது எம்.ஜே.கோபாலன். ஆனால் மைசூரைச் சுருட்டியது சர்தார் ராம் சிங்கின் இடது கை சுழல்.

ஸ்கோரைப் பாருங்க. மைசூர் 48, மெட்ராஸ் 130, மறுபடியும் மைசூர் 59. இன்னிங்ஸ் வெற்றி, அதுவும் அன்றைக்கே! விழுந்த 20 விக்கெட்டில் 11 ராம் சிங்குக்கு. முதல் இன்னிங்ஸில் 19 ரன்னுக்கு 6, அடுத்ததில் 16 ரன்னுக்கு 5. (நம்ம புதுச்சேரி இந்தத் தொடருக்குள் வந்தது 2018-19ல்தான்.)

குடும்பத்தின் பூர்வீகம் அமிர்தசரஸ். ஏ.ஜி.யில் உள்ள 'ஏ' அந்த ஊர்தான். ஆனால் கிரிக்கெட் ஆடியதெல்லாம் மெட்ராஸுக்கு. பேட்டிங்கிலும் கெட்டிக்காரர்.

அப்படிப்பட்டவர் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. ஏன்? 1936 இங்கிலாந்து டூருக்கு கோபாலன் போனார், ராம் சிங்குக்கு இடமில்லை. அந்த டூருக்குப் பிறகு இந்தியாவின் அடுத்த டெஸ்ட் 1946ல்தான். நடுவில் உலகப் போர் வேற. ஒரு ஆல்ரவுண்டரின் நல்ல வயசெல்லாம் அந்தப் பத்து வருஷத்தில் போயிடுச்சு. திறமைக் குறைவு என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்புறம் பயிற்சியாளரானார். பிள்ளைகளும் ஆட வந்தார்கள். மூத்தவர் கிருபால் சிங் 1955ல் ஹைதராபாத்தில், நியூசிலாந்துக்கு எதிரான அறிமுக டெஸ்டிலேயே சதம் அடித்தார். அடுத்து மில்கா சிங். 1961-62 இங்கிலாந்து தொடரில் அண்ணனும் தம்பியும் ஒரே இந்திய அணியில் ஆடினார்கள். ராம் சிங் காலமானது 1999ல், சென்னையில்.