கார்ல் வில்ஹெல்ம் பெக்கர்

கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (ஜூன் 28, 1772 - ஏப்ரல் 11, 1830) ஜெர்மானிய நாணய வணிகரும் அச்சுச் செதுக்குநரும் ஆவார். பண்டைய கிரேக்க, உரோம நாணயங்களையும் இடைக்கால நாணயங்களையும் போன்ற படிகளை உருவாக்கியவர். இவற்றுள் அரிய பொற்காசுகளின் படிகளும் பல. நாணயவியல் வரலாற்றில் மிகவும் அறியப்பட்ட போலி நாணயத் தயாரிப்பாளராக இவர் கருதப்படுகிறார்.

இளமை

பெக்கர் ரைன் ஆற்றங்கரையில் உள்ள ஸ்பையர் நகரில் பிறந்தார். இவரது தந்தை திராட்சை மது வணிகர். பெக்கரும் அத்தொழிலைக் கற்பதற்காகப் பிரான்சின் போர்தோ நகருக்கு அனுப்பப்பட்டார். ஆயினும் இவரது நாட்டம் பழங்கலைப் பொருட்களிலும் நாணயங்களிலுமே இருந்தது. வணிகத்தில் பெரிய வெற்றி பெறாத இவர், பின்னர் மியூனிக் நகரில் அச்சுச் செதுக்கும் கலையைப் பயின்றார்.

இவர் போலி நாணயம் செய்யத் தொடங்கியது குறித்து ஒரு செய்தி வழங்குகிறது. பிரபு ஒருவர் உரோமப் பேரரசர் கொம்மோடசின் போலிப் பொற்காசு ஒன்றை இவருக்கு விற்றாராம். ஏமாற்றத்தை உணர்ந்து முறையிட்டபோது, தெரியாத துறையில் தலையிட்டதற்கு இது தக்க பாடம் என அவர் ஏளனம் செய்தாராம். பின்னர் பெக்கர் தாமே ஒரு பொற்காசைச் செய்து, அதே பிரபுவுக்கு விற்றுப் பழி தீர்த்துக்கொண்டார் என்பர்.

தயாரிப்பு முறை

அக்காலப் போலிகளில் பல, உண்மை நாணயத்திலிருந்து அச்செடுத்து வார்க்கப்பட்டவை. வார்ப்பில் காற்றுக் குமிழ்களின் தடங்களும் மழுங்கிய எழுத்துகளும் காணப்படும். பெக்கரோ அச்சுகளைக் கையால் செதுக்கி, பண்டைக்காலத்தில் போலவே நாணயங்களை அடித்தார். மதிப்புக் குறைந்த உண்மையான பழைய நாணயங்களின் மீதே புதிய உருவத்தைப் பதித்ததும் உண்டு. இதனால் உலோகம் பழையதாகவே அமைந்தது. இவர் செதுக்கிய அச்சுகள் 300க்கும் மேற்பட்டவை. எசுப்பானியாவை ஆண்ட விசிகோத்திய அரசர்களின் அரிய பொற்காசுகளின் படிகளும் இவற்றுள் அடங்கும்.

புதிய நாணயங்களின் பளபளப்பைப் போக்க, இரும்புத் தூளும் கொழுப்பும் நிறைந்த பெட்டியில் அவற்றை இட்டு, தம் குதிரை வண்டியில் பொருத்திப் பயணம் செய்வார். சாலையின் குலுக்கலில் அவை தேய்ந்து பழமைத் தோற்றம் பெறும்.

புகழும் வீழ்ச்சியும்

1814ஆம் ஆண்டில் இசன்பர்க் இளவரசர் கார்ல், ஆஃபன்பாக் நகரில் பெக்கரைத் தமது நூலகராக நியமித்தார். பெரும் கவிஞர் கேத்தே இவரைச் சந்தித்து, இவரது கலைத் தொகுப்பைப் பாராட்டி எழுதினார். 1826ஆம் ஆண்டில் இத்தாலிய நாணயவியலாளர் தொமெனிக்கோ செசுத்தினி, தற்காலப் போலிகளைப் பற்றிய தமது நூலில் பெக்கரின் நாணயங்களை வெளிப்படுத்தினார். பெக்கர் 1830இல் ஹோம்பர்க் நகரில் காலமானார்.

மதிப்பீடு

உண்மை நாணயங்களை வாங்க இயலாத சேகரிப்பாளர்களின் தொகுப்புகளில் உள்ள இடைவெளியை நிரப்பவே படிகளைச் செய்ததாக பெக்கர் விளக்கமளித்தார். படி செய்வது குற்றமன்று; அருங்காட்சியகங்களும் படிகளைச் செய்து கல்விக்குப் பயன்படுத்தியுள்ளன. ஆனால் பெக்கரின் நாணயங்களில் படி என்பதற்கான அடையாளம் ஏதும் இல்லை. அவற்றுக்குப் பழமைத் தோற்றம் ஊட்டியதும், பல உண்மையானவையாகவே விற்கப்பட்டதும் அவரது விளக்கத்துக்கு முரணாக உள்ளன. இத்தகைய குழப்பத்தைத் தவிர்க்கவே, ஐக்கிய அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டுச் சட்டம் நாணயப் படிகளில் அவை படி என்பதைக் குறிக்கும் சொல் பொறிக்கப்பட வேண்டும் என விதித்தது.

பெக்கரின் அச்சுகள் பிற்காலத்தில் பெர்லின் அருங்காட்சியகத்தை அடைந்தன. பிரித்தானிய நாணயவியலாளர் ஜார்ஜ் ஃபிரான்சிஸ் ஹில் 1920களில் இவரைப் பற்றி விரிவான நூலை வெளியிட்டார். ஓர் அச்சில் அடிக்கப்பட்ட நாணயங்கள் அனைத்தும் ஒரே உருவ அமைப்பைக் கொண்டிருக்கும். ஆகவே ஐயத்துக்குரிய நாணயத்தைப் பெக்கரின் அச்சுடன் ஒப்பிட்டு உண்மையை அறிய முடிகிறது. ஏமாற்றுவதற்குப் பயன்பட்ட அச்சுகளே இன்று போலிகளைக் கண்டறியும் சான்றுகளாக உள்ளன. இவரது படிகளை, பெக்கரின் ஆக்கங்கள் என அறிந்தே விரும்பிச் சேகரிப்போரும் உள்ளனர்.