ஐரிஸ் பாரி
ஐரிஸ் பாரி (1895 – டிசம்பர் 22, 1969) பர்மிங்காமில் பிறந்த திரைப்பட விமர்சகரும் ஆவணக்காப்பாளரும் ஆவார். 1925 இல் இலண்டன் திரைப்படச் சங்கத்தை நிறுவியோருள் ஒருவர். 1935 இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் திரைப்பட நூலகத்திற்கு முதல் காப்பாளரானார்.

படச்சுருள்களைச் சேகரித்ததற்காகவே இவர் பெரிதும் அறியப்படுகிறார். ஆயினும் ஆய்வாளருக்கு அதற்கு இணையாகப் பயன்பட்டது இந்நூலகத்தின் துணையுடன் உருவான 'தி ஃபிலிம் இன்டெக்ஸ்' எனலாம். பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த எழுத்தாளர்களுக்கென அமெரிக்க அரசு வகுத்த திட்டத்தின்கீழ், திரைப்பட நூல்களும் இதழ்க் கட்டுரைகளும் பொருள்வாரியாக, சிறு குறிப்புகளுடன் இதில் பதியப்பட்டன. முதல் தொகுதி 1941 இல் வெளிவந்தது. அரசுத் திட்டம் 1943 இல் முடிவுற்றது. எஞ்சிய இரு தொகுதிகள் 1985 இல்தான் அச்சேறின. அவற்றைக் காண பாரி உயிருடன் இல்லை.

1938 இல் இவரது அருங்காட்சியகம் உள்ளிட்ட நான்கு அமைப்புகள் தொடங்கிய பன்னாட்டுத் திரைப்படக் காப்பகக் கூட்டமைப்பு, 1972 முதல் திரைப்பட இதழ்க் கட்டுரைகளை அட்டவணைப்படுத்தி வருகிறது.