ஓவனின் கணக்கேடு

வணிகவியல் பயிலும் நம்மில் இராபர்ட் ஓவன் என்ற பெயரைக் கேளாதவர் அரியர். கூட்டுறவின் தந்தை யார் என்னும் ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடையாக வந்து, தேர்வோடு மறைந்துவிடும் பெயர் அது. அந்த ஒரு மதிப்பெண்ணுக்குப் பின்னால் நிற்கும் மனிதரைப் பற்றியே நான் இங்கு எழுத விரும்புகிறேன். காரணம் உண்டு. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு என்பதை இன்று நாம் சட்டப்பிரிவு, விழுக்காடு, ஆண்டறிக்கை என்ற அளவில் படிக்கிறோம். அத்தகைய சட்டம் எதுவும் இல்லாத காலத்தில், தம் கூட்டாளிகளின் எதிர்ப்புக்கு நடுவே அதைச் செய்துகாட்டி, செய்ததை ஊரறிய அச்சிட்டும் வைத்தவர் ஓவன்.

வேல்ஸ் நாட்டின் நியூடவுன் என்னும் சிற்றூரில் 1771 மே 14 அன்று அவர் பிறந்தார். தந்தையார் குதிரைச் சேணம் செய்து விற்பவர். பத்து வயதிலேயே மகன் வீட்டை விட்டு வெளியேறித் துணிக்கடை வேலைக்குச் சென்றுவிட்டார். கடைப் பையனாகத் தொடங்கியவர் 1792-இல் மான்செஸ்டர் நகரில் ஏறத்தாழ 500 பேர் பணிபுரிந்த நூற்பாலைக்கு மேலாளரானார். அப்போது அவருக்கு வயது இருபதைச் சற்றே தாண்டியிருந்தது. இந்த வளர்ச்சியை விரித்தால் அதுவே தனிக் கட்டுரையாகிவிடும். நமக்கு வேண்டியது அதற்குப் பின் நடந்தது.

ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றின் அருவிகளை ஒட்டி நியூ லானார்க் என்றோர் ஆலையூர் இருந்தது. டேவிட் டேல் என்பவர் 1780-களில் நிறுவியது. ஆற்று நீரின் விசையால் நூற்பு எந்திரங்கள் ஓடின. 1799-இல் ஓவனும் அவருடைய கூட்டாளிகளும் அதனை 60,000 பவுனுக்கு விலை பேசினர். டேலின் மகள் கரோலினை அதே ஆண்டு ஓவன் மணந்தார். 1800 சனவரி முதல் நாள் ஆலை நிர்வாகம் அவர் கைக்கு வந்தது.

அவர் அங்கே கண்டது என்ன? ஏழை விடுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ 500 சிறுவர் சிறுமியர்! சிலருக்கு ஆறு வயது கூட நிரம்பவில்லை. பகலெல்லாம் எந்திரத்தின் அருகே நின்றுவிட்டு, இரவில் தூங்கி வழிந்தபடி பாடம் படித்தார்கள். டேல் கொடியவர் அல்லர். அந்நாளைய முதலாளிகளுள் இரக்கமுள்ளவர் என்று பெயர் பெற்றவர். இரக்கமுள்ளவரின் ஆலையே இப்படியென்றால் ஏனையவை எப்படி இருந்திருக்கும்!

விடுதிப் பிள்ளைகளைச் சேர்ப்பதை ஓவன் நிறுத்தினார். பத்து வயதுக்கு உட்பட்ட எவரையும் ஆலைக்குள் விடுவதில்லை என்று விதி செய்தார். பதின்மூன்று, பதினான்கு மணி நேர வேலையைப் படிப்படியாகக் குறைத்தார். 1816 அளவில் அது பத்தேமுக்கால் மணி நேரமாயிற்று. ஊர்க் கடைகளில் மட்டமான சரக்கு கடனுக்கும் கொள்ளை விலைக்கும் விற்கப்பட்டு வந்தது. ஓவன் மொத்தமாகக் கொள்முதல் செய்து, ஆலைக் கடையில் அடக்க விலையை ஒட்டி விற்கச் செய்தார். அதிலும் மிஞ்சிய இலாபம் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. பிற்காலத்தில் 1844-இல் ராச்டேல் நகர நெசவாளரும் பிறருமாக 28 பேர் தொடங்கிய கூட்டுறவுக் கடைக்கும், அதன் வழியில் 1904-இல் நம் திருவல்லிக்கேணியில் எழுந்த கூட்டுறவுச் சங்கத்துக்கும் முன்னோடியாக இந்தக் கடையைச் சொல்வதுண்டு. ஆனால் அது முதலாளி நடத்திய கடை. உறுப்பினர் நடத்தியது அன்று. இவ்வேறுபாட்டை நாம் மறக்கலாகாது.

தொழிலாளர் அவரை உடனே நம்பிவிடவில்லை. புதிதாக வந்தவர் தங்களைக் கசக்கிப் பிழிவார் என்றே எண்ணினர். அந்த எண்ணத்தை மாற்றியது 1807-ஐ ஒட்டி வந்த ஒரு நெருக்கடி. அமெரிக்கா ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. பருத்தி விலை தாறுமாறாக ஏறிற்று. பிற ஆலைகள் ஆட்களை வெளியே அனுப்பின. ஓவனும் எந்திரங்களை நிறுத்தினார், ஆட்களை நிறுத்தவில்லை. எந்திரங்களைத் துடைத்துப் பாதுகாப்பதற்கென்று நான்கு மாதங்கள் முழுக்கூலி கொடுத்தார். செலவு 7,000 பவுனுக்கு மேல். அதன் பிறகு அவர் சொல்லுக்கு ஊர் செவிசாய்த்தது.

அவர் கண்ட இன்னொரு முறையும் உண்டு. ஒவ்வொருவர் பக்கத்திலும் நாற்பக்க மரக்கட்டை ஒன்று தொங்கும். முதல் நாள் வேலை மோசமென்றால் கறுப்பு, சுமாரென்றால் நீலம், நன்றென்றால் மஞ்சள், மிக நன்றென்றால் வெள்ளை நிறம் முன்பக்கம் தெரியும். நாள்தோறும் அந்த நிறம் ஏட்டில் பதியப்படும். அடியும் வசவும் இருந்த இடத்தில் இது வந்தது என்பது உண்மை. முறையீடு செய்யவும் வழி இருந்தது. ஆயினும் நாள் முழுதும் தன் தரத்தை ஊரார் முன் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பது எத்தகைய சங்கடம் என்பதை மதிப்பெண் பட்டியல் ஒட்டப்படும் பலகையின் முன் நின்ற நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஒன்றில் எனக்கு ஓவனோடு உடன்பாடில்லை.

இத்தனை செலவையும் கூட்டாளிகள் பொறுப்பார்களா? பொறுக்கவில்லை. பள்ளிக்கூடம் எதற்கு, இலாபத்தைப் பங்கிடு என்றனர். அப்போதுதான் ஓவன், நான் மிகவும் மதிக்கும் செயலைச் செய்தார். 1812-இல் நியூ லானார்க்கின் நிலையை விளக்கும் சிறு அறிக்கை ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார். ஊரின் முன்னைய நிலை, செய்த மாற்றங்கள், இனிச் செய்யவிருப்பவை, முதலீட்டுக்குக் கிட்டக்கூடிய பயன் யாவும் அதில் இருந்தன. புதிய கூட்டாளிகளைத் தேடவே அது எழுதப்பட்டது. கிடைத்தவர்களுள் தத்துவ அறிஞர் பெந்தாம் ஒருவர். குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த வில்லியம் ஆலன் மற்றொருவர். முதலுக்கு நூற்றுக்கு 5 வீதமே பெறுவது, மிகுதி ஊர் நலனுக்கு என்பது ஏற்பாடு. 1813 இறுதியில் ஆலை ஏலத்துக்கு வந்தபோது பழைய கூட்டாளிகளை மிஞ்சி 1,14,100 பவுனுக்கு எடுத்தனர். ஓவன் திரும்பிய வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு மக்களே இழுத்துச் சென்றார்களாம்.

1816 சனவரி முதல் நாள் அவருடைய கல்விக்கூடம் திறக்கப்பட்டது. நடக்கத் தெரிந்த குழந்தைகளுக்கும் அங்கே இடம் உண்டு, அடி கிடையாது, படங்களும் நிலவரைபடங்களும் ஆடலும் பாடலும் உண்டு. பார்க்க ஆயிரக்கணக்கானோர் வந்தனர். பின்னாளில் உருசியப் பேரரசரான நிக்கோலசும் அவர்களுள் ஒருவர். 1819-இல் லீட்ஸ் நகரத்தார் குழுவொன்றை அனுப்பி ஊரை ஆராயச் செய்தனர். அக்குழு பாராட்டி அறிக்கை தந்தது. முதலாளியின் கூற்றை வெளியார் வந்து சரிபார்த்த நிகழ்ச்சி இது.

தன் ஆலை திருந்தினால் போதாது, எல்லா ஆலைகளும் திருந்த வேண்டும் என்று ஓவன் நாடாளுமன்றத்தை நெருக்கினார். 1819-இல் சட்டம் வந்தது. ஒன்பது வயதுக்கு உட்பட்டோர் பருத்தி ஆலையில் வேலை செய்யக்கூடாது. பதினாறு வரை பன்னிரண்டு மணி நேரமே. ஆனால் சென்று பார்க்க ஆய்வாளர் இல்லை. 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் நான்கு ஆய்வாளர்கள் வந்தார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு 2 வீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. ஆனால் தன் ஊழியரின் நலனுக்குச் செய்தது அந்தக் கணக்கில் சேராது. ஆக, நான்கு மாதக் கூலியாக ஓவன் கொடுத்த 7,000 பவுனில் ஒரு காசும் இந்தப் பிரிவின்கீழ் வராது! சட்டத்தின் நோக்கம் எனக்குப் புரிகிறது. கூலியையே கொடையாகக் காட்டிவிடக் கூடாதல்லவா? எனினும் ஆலைக்கு வெளியே பூங்கா அமைத்தது பொறுப்பு, உள்ளே மூச்சு முட்டாமல் பார்த்துக்கொண்டது பொறுப்பன்று என மாணவர் மனத்தில் பதிந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

ஓவனின் அறிக்கையிலும் ஓர் ஓட்டை உண்டு. நியூ லானார்க்கில் நூலாகிய பருத்தியில் பெரும்பகுதி அமெரிக்கக் கண்டத்திலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் அடிமைகள் பறித்தது. தம் ஊர்ப் பிள்ளைகளுக்காக அவ்வளவு உருகியவரின் கணக்கேட்டில் அந்தக் கைகளுக்கு வரி இல்லை. சரக்கு எங்கிருந்து, யார் உழைப்பில் வருகிறது என்று பங்குச் சந்தை நிறுவனங்களைக் கேட்கும் வழக்கம் நம் காலத்தில்தான் மெல்லத் தலையெடுக்கிறது.

பின்னாட்கள் அவருக்கு இனிமையாக அமையவில்லை. சமயங்களைக் கண்டித்துப் பேசியதால் நண்பர் பலரை இழந்தார். ஆடல் பாடல் குறித்தும் சமயக் கல்வி குறித்தும் ஆலனோடு பிணக்கு முற்றியது. 1825-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் நியூ ஹார்மனி என்ற பொதுவுடைமை ஊரை விலைக்கு வாங்கினார். இரண்டே ஆண்டில் அது கலைந்தது. செல்வத்தின் பெரும்பகுதியும் அதோடு கரைந்தது. 1834-இல் அவர் முன்னின்ற மாபெரும் தொழிற்சங்கமும் நிலைக்கவில்லை. முதுமையில் பிறந்த ஊருக்கே திரும்பி, 1858 நவம்பர் 17 அன்று நியூடவுனில் காலமானார். நியூ லானார்க் ஆலை 1968 வரை ஓடியது. 2001-இல் அவ்வூர் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. அவர் கட்டிய பள்ளிக்கூடம் இன்றும் ஆற்றங்கரையில் நிற்கிறது.