மர்ஹூம் ஜெனரல் ஷா நவாஸ் கான்

நேதாஜி படையை அறிந்த நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு ஜெனரல் ஷா நவாஸ் கான் என்ற பெயரும் தெரியும். அன்னார் 1914 ஜனவரி 24-இல் ராவல்பிண்டி மாவட்டம் மட்டோர் கிராமத்தில் பிறந்தார். தந்தையும் உறவினர் பலரும் பிரிட்டிஷ் இந்தியப் படையில் பணியாற்றியவர்கள். அவரும் அதில் அதிகாரியானார்.

1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது போர்க்கைதியானார். இந்திய தேசிய இராணுவத்தில் சேர்வதென்றால், அரசருக்கு உண்மையாயிருந்த குடும்ப மரபை முறிக்க வேண்டும். முதலில் மறுத்தார், பின்னர் நாடே பெரிதென்று முடிவெடுத்தார். 1943 தொடக்கத்தில் நம் போர்ட்டிக்சனிலும் போர்க்கைதிகளிடம் பேசினார். அதே ஆண்டு நேதாஜி வந்தபின், பால் மரம் சீவிய தமிழ் இளைஞர்களும் அப்படையில் சேர்ந்தார்கள். ஷா நவாஸ் சுபாஷ் படைப்பிரிவுக்குத் தலைமையேற்றுப் பர்மா போர்முனைக்குச் சென்றார்.

1945 நவம்பரில் டில்லி செங்கோட்டையில் சேகல், தில்லான் ஆகியோருடன் அவர் மீது வழக்கு நடந்தது. முஸ்லிம், இந்து, சீக்கியர் மூவரும் ஒரே கூண்டில் நின்றதைக் கண்டு இந்தியாவே கொதித்தெழுந்தது. 1946 ஜனவரியில் விதித்த நாடுகடத்தல் தண்டனையை அரசு உடனே நீக்க வேண்டியதாயிற்று.

பிரிவினையில் பிறந்த ஊர் பாகிஸ்தானில் சேர்ந்தது. சொந்தபந்தங்கள் அங்கிருக்க, அவர் இந்தியாவில் வாழ்ந்தார். 1952-இல் மீரட் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றார். மத்திய அரசில் துணையமைச்சராகவும் இருந்தார். 1983 டிசம்பர் 9-இல் மறைந்தார்.

அவரோடு பர்மா சென்று திரும்பாதவர்கள் நம் தோட்டக் குடும்பங்களிலும் உண்டு. அவர்கள் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம். அல்லாஹ் அன்னாரின் மண்ணறையை ஒளிமயமாக்குவானாக.